செட் க்ளோன் டெஸ்ட்: லோக்கல்ல பாஸ், சிஐ-ல ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேற வரி ஒட்டுது. உதவி!

வரிவெட்டி
அவசரம் நண்பர்களே. சி-யில சின்னதா ஒரு செட் (டெக்ஸ்டை வரி வரியா மாத்துற யூனிக்ஸ் கட்டளை) எழுதிட்டு இருக்கேன். ரிக்ரெஷன் டெஸ்ட் எல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட்தான். வரிகளை ரெண்டு ரெண்டா சேர்க்கிற டெஸ்ட் மட்டும் சிஐ-ல (டெஸ்ட்டைத் தானா ஓட்டுற சர்வர்ல) ஃபெயில். 20 வரி உள்ள போனா 10 வரி வெளிய வரணும். ஆனா 19 வருது. ஒரு ஓட்டத்துல 7-உம் 8-உம் ஒட்டுது, அடுத்ததுல 12-உம் 13-உம். சில சமயம் எதுவுமே ஒட்டாம 20 வரியும் அப்படியே வருது. நடுவுல கோடைத் தொடவே இல்ல. லோக்கல்ல எப்பவும் பச்சை. யாருக்காவது இப்படி வந்திருக்கா?

குழாய்வழி
எந்த ஷெல்? சிஐ-ல எந்த இமேஜ்? டெஸ்ட் ஸ்கிரிப்ட் எங்கே? டிஃப் -யு காட்டுறதை அப்படியே போடுங்க. "ரெண்டு ரெண்டா சேர்க்கிற" வேலையை செட்ல அஞ்சாறு விதமா எழுதலாம், நீங்க எதை எழுதியிருக்கீங்கன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பைட்டுபாலு
லோக்கேல் (சிஸ்டத்தோட மொழி, எழுத்து அமைப்பு). வேற எதுவும் தேடவே வேண்டாம். ரன்னரோட முதல் வரியில எல்சி_ஆல்=சி போட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. "கா"ங்கிற எழுத்தைக் கொடுத்து, ரெஜெக்ஸ் புள்ளிக்கு (ஏதாவது ஒரு எழுத்துக்குறி) பொருந்துற ஒவ்வொண்ணுக்கும் ஒரு எக்ஸ் போடச் சொன்னா யூடிஎஃப்-8 லோக்கேல்ல 2 எக்ஸ் வரும், சி லோக்கேல்ல 6 வரும். சிஐ இமேஜ்ல பெரும்பாலும் லோக்கேலே செட் ஆகியிருக்காது.

சுட்டிப்பிழை
லோக்கேல் வரியை ஒட்டாது பாலு. கோடை மாத்தாமலே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விடை மாறுதுன்னா அது மெமரிதான். வரி எண்ணை வைக்கிற வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்காம விட்டிருப்பீங்க. வால்கிரைண்ட்ல (நினைவகப் பிழையைப் பிடிக்கிற கருவி) ஓட்டுங்க. அட்ரஸ் சானிடைசர் மட்டும் போட்டுட்டு "ஒண்ணும் சொல்லல"ன்னு வராதீங்க, மதிப்பு வைக்காத நினைவகத்தை வாசிச்சா அது கண்டுக்காது. அதுக்கு கிளாங்கோட மெமரி சானிடைசர் வேணும், இல்லைன்னா வால்கிரைண்ட்.

பழையயூனிக்ஸ்
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "அவசரம்" என்று தொடங்கும் இழைகளில் முக்காலே மூணு வீசம் ஆவணத்தைப் படிக்காதவர்களுடையவை. ஷெல்லில் சோதனை எழுதுபவர்கள் முதலில் ஷெல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளியீட்டை $( ) க்குள் பிடித்து ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது கடைசியில் உள்ள புதுவரிகள் அத்தனையையும் உரித்துவிடும். கோப்பின் இறுதியில் புதுவரி இருக்கிறதா இல்லையா என்பது செட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரியுமா? இரண்டாவது, எக்கோ. டெபியன், உபுண்டுவில் எஸ்எச் என்பது டேஷ் என்ற சிறிய ஷெல். அதன் எக்கோ பின்சாய்வைத் தின்னும். பேஷின் எக்கோ அப்படியே விடும். பிரிண்ட்எஃப் என்று ஒன்று இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

வரிவெட்டி
எல்லாருக்கும் நன்றி. வால்கிரைண்ட் சுத்தம். எல்சி_ஆல்=சி முன்னாடியே இருக்கு. எக்கோ எங்கயும் இல்ல, எல்லாம் பிரிண்ட்எஃப். $( ) இல்ல, ஃபைலுக்கு எழுதித்தான் ஒப்பிடறேன். லோக்கல் ஃபெடோரா, சிஐ-ல டெபியன் கன்டெய்னர். ஃபோன்ல இருந்து போடறேன், தமிழ் கீபோர்டுதான் இருக்கு, அதனால எழுத்துக்கூட்டி:

கேட் > ஸ்கி <<முடிவு
$!என்
எஸ்/\என்/$பிரி/
முடிவு
$செட் -எஃப் ஸ்கி உள்ளீடு | டிஃப் -யு சரி -

முதல் "என்" கேபிடல், ரெண்டாவது சின்னது (புதுவரி). பிரி-யில இருக்கிறது ஒரு ஸ்பேஸ். உள்ளீடு 1 முதல் 20 வரை, வரிக்கு ஒரு எண்.

குழாய்வழி
கடைசி வரியில ஒரு ஓட்டை இருக்கு. பைப் போட்டா $? (கடைசிக் கட்டளையோட வெளியேற்ற எண்) கொடுக்கிறது டிஃபோட விடை, செட்டோடது இல்ல. உங்க செட் சரியான வெளியீட்டைக் கொடுத்துட்டு கடைசியில செத்து விழுந்தாலும் டெஸ்ட் பாஸ்தான். பைப்ஃபெயில் (பைப்ல எந்தக் கட்டளை தோத்தாலும் பிழைன்னு சொல்ற ஷெல் அமைப்பு) 2024 பாசிக்ஸ்ல (யூனிக்ஸ் தரநிலை) வந்துடுச்சு, ஆனா கன்டெய்னர்ல இருக்கிற டேஷ் பழசா இருந்தா ஏத்துக்காது. ரெண்டு வரியா உடைங்க: வெளியீடு ஒரு ஃபைலுக்கு, $? ஒரு வேரியபிளுக்கு, அப்புறம் டிஃப். குனு செட்ல (லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற செட்) கட்டளை தப்புன்னா 1, உள்ளீட்டு ஃபைல் திறக்கலைன்னா 2, வாசிப்பு-எழுத்துப் பிழைன்னா 4. க்ளோன் எழுதறவங்க இந்த மூணுக்கும் தனித்தனி டெஸ்ட் வைக்கணும்.

டிஃபோட விடையையும் "0 இல்லைன்னா ஃபெயில்"னு மொத்தமா எடுத்துக்காதீங்க. 1-னா வித்தியாசம் இருக்கு, 2-னா டிஃபால ஒப்பிடவே முடியல. "சரி" ஃபைலே இல்லாம 2 வர்றதை நிஜமான ஃபெயில்னு நினைச்சு அரை நாள் தோண்டிட்டு இருப்பீங்க.

இது உங்க இப்போதைய பிரச்சினைக்கு விடை இல்ல, தெரியும்.

மதுரைமேக்
ப்ரோ, உங்க க்ளோனை ஓரமா வச்சிட்டு, அதே சிஐ-ல அதே டெஸ்ட்டை சிஸ்டத்துல இருக்கிற குனு செட்டை வச்சு ஓட்டிப் பாருங்க. $செட் மதிப்பை மாத்தினா போதும்ல?

வரிவெட்டி
ஓட்டினேன். குனு செட்லயும் அதே ஃபெயில்!! இந்தத் தடவை 9-உம் 10-உம் ஒட்டியிருக்கு. தலை சுத்துது.

மதுரைமேக்
அப்ப உங்க சி கோடு நிரபராதி. சுட்டிப்பிழை அண்ணே, வாபஸ் வாங்கிக்கோங்க 😀

சுட்டிப்பிழை
இந்த ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் வாபஸ். வால்கிரைண்ட்ல ஓட்டினது வீண்போகாது.

பழையயூனிக்ஸ்
இதற்குத்தான் ஷெல்லில் சோதனைச் சட்டகம் கட்டாதீர்கள் என்று சொல்வது. பைதானில் துணைச் செயலியாக இயக்கி, பைட்டுகளாக ஒப்பிட்டால் இந்த மேற்கோள் குறித் தொல்லைகள் எதுவும் கிடையாது.

குழாய்வழி
ஐயா, இப்பதானே "முதலில் ஷெல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்"னு சொன்னீங்க? பிஸிபாக்ஸோட (சின்ன போர்டுகளுக்கான யூனிக்ஸ் கட்டளைத் தொகுப்பு) செட் டெஸ்ட் முழுக்க ஷெல்தான். "டெஸ்டிங்"னு ஒரு ஃபங்ஷன், அதுக்கு அஞ்சு ஆர்க்யுமென்ட்: விளக்கம், கட்டளை, வரவேண்டிய விடை, உள்ளீட்டு ஃபைல், ஸ்டாண்டர்ட் இன்புட். அவ்வளவுதான். குனு செட்டோட டெஸ்ட்லயும் பெரும்பகுதி ஷெல்தான். பைதானே இல்லாத சின்ன போர்டுல ஓட வேண்டிய புரோகிராமுக்கு பைதான்ல டெஸ்ட் எழுதி என்ன பண்றது?

பழையயூனிக்ஸ்
அவர்கள் ஷெல்லில் எழுதுவது பழக்கத்தால், தகுதியால் அல்ல. போகட்டும். "சரி" கோப்பை எப்படி உருவாக்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. குனு செட்டை ஓட்டி அதன் வெளியீட்டை அப்படியே சேமித்திருந்தால் நீங்கள் சோதிப்பது சரியா தவறா என்பதை அல்ல, குனு போலவே இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

பைட்டுபாலு
க்ளோன்னாலே குனு போல இருக்கணும்னுதானே சார்? பயன்படுத்துறவங்க ஸ்கிரிப்ட் எல்லாம் குனுவுக்கு எழுதினது.

பழையயூனிக்ஸ்
கடைசி வரியில் பெரிய என் கட்டளை (அடுத்த வரியைச் சேர்ப்பது) வந்தால் குனு செட் கையிலிருப்பதை அச்சிட்டுவிட்டு வெளியேறும். பாசிக்ஸ் சொல்வது அச்சிடாமல் வெளியேற வேண்டும் என்று. பாசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறி இருந்தால் குனுவும் அப்படியே நடக்கும். ஒரே நிரல், ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு விடை. எதைப் பொன்கோப்பு (ஒப்பிட வேண்டிய சரியான விடை) என்பீர்கள்?

பைட்டுபாலு
ரெண்டையும். ரெண்டு டெஸ்ட், ரெண்டு ஃபைல். இதுல என்ன தத்துவம்?

நூல்கண்டு
சண்டை நடக்கட்டும், ஆனா இப்ப பழையயூனிக்ஸ் சொன்ன அந்த விஷயம் இந்த இழைக்கே தேவைப்படும், கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

வரிவெட்டி, ரெண்டு கேள்வி.
ஹியர்-டாக்ல (கேட் வரியில தொடங்கி முடிவு வரைக்கும் இருக்கிற துண்டு) முடிவுங்கிற சொல்லைச் சுத்தி மேற்கோள் குறி இருக்கா, நீங்க போட்ட மாதிரி மொட்டையாதானா?
ரன்னர்ல, சிஐ-ல மட்டும், ஏதாவது & போட்டு பின்னணியில ஓடுதா?

டிஃபை விடுங்க, செட்டைக் கூப்பிடுறதுக்கு முந்தின வரியில "கேட் ஸ்கி" போட்டு அதோட வெளியீட்டைக் காட்டுங்க.

வரிவெட்டி
மொட்டைதான், $பிரி விரியணும்ல. பின்னணியில... ஆமா, டெஸ்ட் தொங்கிடக் கூடாதுன்னு சிஐ-ல மட்டும் ஒரு காவல்: ( ஸ்லீப் 300; கில் $$ ) &. அதுக்கப்புறம் ஒவ்வொரு டெஸ்ட் ஃபைலையும் ( . ஃபைல் )னு சப்ஷெல்லுக்குள்ள சோர்ஸ் பண்றேன். கேட் போட்டா இது வருது:

11என்
எஸ்/\என்/ /

11 எங்க இருந்து வந்துச்சு???

நூல்கண்டு
அந்த 11 உங்க காவல் ப்ராசஸோட பிஐடி (ப்ராசஸ் எண்).

முடிவுச் சொல்லுக்கு மேற்கோள் இல்லைன்னா ஹியர்-டாக் உடம்புக்குள்ள இருக்கிற $ எல்லாத்தையும் ஷெல் விரிக்கும். $பிரி விரிஞ்ச மாதிரியே $!-உம் விரிஞ்சுடுச்சு. செட்டுக்கு $! என்றால் "கடைசி வரி தவிர". ஷெல்லுக்கு அது கடைசியா பின்னணிக்கு அனுப்பின ப்ராசஸோட எண். உங்க சிஐ-ல செட்டுக்குப் போன கட்டளை "11-ஆவது வரியில மட்டும் அடுத்த வரியைச் சேர்". அதான் ஒரே ஒரு ஜோடி ஒட்டுது.

புது கன்டெய்னர்ல பிஐடி 1-ல இருந்து ஆரம்பிக்கும். ரன்னருக்கு முன்னாடி எத்தனை ப்ராசஸ் பிறந்துச்சோ அதைப் பொறுத்து 7, 9, 12னு மாறும். அதே கன்டெய்னர்ல கம்பைலும் நடந்தா எண் 20-ஐ ஈசியா தாண்டிடும். 20 வரி உள்ளீட்டுல 140-ஆவது வரி கிடையாது, அதனால எதுவுமே ஒட்டாது. நீங்க சொன்ன மூணு விதமும் இதுல அடங்கிடுச்சு.

\என் மட்டும் ஏன் தப்பிச்சுதுன்னா, மேற்கோள் இல்லாத ஹியர்-டாக்ல பின்சாய்வு $, பேக்டிக், இன்னொரு பின்சாய்வு, வரி முடிவு இந்த நாலுக்கு முன்னாடிதான் வேலை செய்யும். மத்த இடத்துல அப்படியே நிக்கும். அதனால ஸ்கிரிப்ட் பாதி சரியாவே இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரல.

சோர்ஸ் பண்றதும் சேர்ந்துதான் இது. ஒவ்வொரு டெஸ்ட்டையும் "எஸ்எச் ஃபைல்"னு தனி ப்ராசஸா ஓட்டியிருந்தா $! காலியாதான் இருந்திருக்கும். சப்ஷெல் தாய் ஷெல்லோட நகல், $!-உம் கூடவே வந்துடும்.

மதுரைமேக்
அடேங்கப்பா. அப்ப லோக்கல்ல எப்படி பாஸ்?

நூல்கண்டு
அங்க காவல் இல்ல, $! காலி. செட்டுக்குப் போனது வெறும் பெரிய என். 20 இரட்டைப்படை, அதனால $! இருந்தாலும் இல்லாட்டியும் விடை ஒண்ணுதான். லோக்கல்ல இருந்த பச்சையும் பொய்ப்பச்சைதான். 21 வரி கொடுத்தாலும் குனு கடைசி வரியை அச்சிட்டுடும், அப்பவும் பிடிபடாது. பாசிக்ஸ்லி_கரெக்ட் வச்சு 21 வரி கொடுத்தாதான் குட்டு வெளிய வரும்: நிஜமான $! இருந்தா 11 வரி, இல்லைன்னா 10 வரி, 21-ஐக் காணோம்.

செய்ய வேண்டியது: செட் ஸ்கிரிப்டை ஹியர்-டாக்ல வைக்காதீங்க. குனு செட்டோட பழைய டெஸ்ட் மாதிரி உள்ளீடு, ஸ்கிரிப்ட், சரியான விடைன்னு மூணு தனி ஃபைல், -எஃப் போட்டுக் கூப்பிடுங்க. ஷெல் அந்த ஸ்கிரிப்டைத் தொடவே தொடாது. ஹியர்-டாக்தான் வேணும்னா <<'முடிவு'. பிரி விரியணும்னா \$! போட்டுத் தப்பிக்கலாம், ஆனா அடுத்து யாராவது $டி-யோ $பி-யோ சேர்க்கும்போது மறந்துடுவாங்க.

காவலையும் தூக்குங்க. கோர்யூட்டில்ஸ்ல டைமவுட் இருக்கு: டைமவுட் 10 $செட் -எஃப் … நேரம் முடிஞ்சு கொன்னா 124 திருப்பும். தொங்கினதையும் தப்பா வந்ததையும் தனித்தனியா சொல்லலாம். இப்ப இருக்கிற காவல் மொத்த ரன்னரையும் கொல்லும், எந்த டெஸ்ட் தொங்குச்சுன்னே தெரியாது.

குழாய்வழி
அருமை. ஒண்ணு சேர்க்கிறேன்: ரன்னர் தலையில செட் -யு (ஷெல்லோட பில்ட்-இன் செட், அந்த செட் இல்ல) இருந்திருந்தா லோக்கல்லயே மாட்டியிருக்கும். ஃபெடோராவுல எஸ்எச் என்பது பேஷ், காலியா இருக்கிற $!-ஐத் தொட்டாலே "அன்பவுண்ட் வேரியபிள்"னு கத்திட்டு நின்னுடும்.

பழையயூனிக்ஸ்
மேற்கோள் குறித் தொல்லை என்று நான் முன்பே சொன்னேன்.

மதுரைமேக்
எக்கோன்னும் சொன்னீங்க சார்.

பைட்டுபாலு
பிழைச்செய்திகளை ஒப்பிடுற டெஸ்ட்டும் இருக்குமே வரிவெட்டி? குனு செட் தன்னை எந்தப் பாதையில கூப்பிட்டாங்களோ அதையே செய்திக்கு முன்னால போடும். ஒரு மெஷின்ல வெறும் செட்னு வரும், இன்னொண்ணுல முழுப் பாதையோட வரும். ஒப்பிடுறதுக்கு முன்னாடி முதல் முக்காற்புள்ளி வரைக்கும் வெட்டிடுங்க. செய்தியோட மொழி மாறாம இருக்கத்தான் எல்சி_ஆல்=சி, என் பேச்சு முழுசா வீண் இல்ல.

சுட்டிப்பிழை
அந்த வெட்டுற வேலைக்கு டெஸ்ட்ல இருக்கிற செட்டையே பயன்படுத்திடாதீங்க, சிஸ்டம் செட்டைக் கூப்பிடுங்க. இல்லைன்னா க்ளோன்ல இருக்கிற பிழை தன்னைத் தானே மறைச்சுக்கும்.

வரிவெட்டி
தனி ஃபைலா மாத்தியாச்சு, டைமவுட்டும் போட்டாச்சு. சிஐ பச்சை. நூல்கண்டு, ரொம்ப நன்றி 🙏

நூல்கண்டு
பாசிக்ஸ்லி_கரெக்ட் வச்சு 21 வரி ஓட்டினீங்களா? $!-ஐ எடுத்துட்டு ஒரு தடவை, வச்சு ஒரு தடவை. எடுத்தப்ப உங்க க்ளோன் 11 வரியே கொடுத்தா அந்த மாறியை அது பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்.

மதுரைமேக்
ஆள் போயாச்சு போல. சரி, $பிரி-யை இப்ப தனி ஃபைல்ல எப்படி விரிக்கிறாருன்னு யாருக்காவது தெரியுமா?

குழாய்வழி
விரிக்கவே வேண்டாம். டெஸ்ட் டேட்டா நிலையா இருக்கணும், ஸ்பேஸை ஸ்பேஸாவே எழுதினா போதும். எடிட்டர் வரிக்கடைசி ஸ்பேஸை வெட்டாம இருக்கான்னு மட்டும் பாருங்க, முக்கியமா "சரி" ஃபைல்கள்ல. கிட் வச்சிருந்தா கிட்ஆட்ரிபியூட்ஸ்ல அந்த ஃபோல்டருக்கு -டெக்ஸ்ட் போட்டுடுங்க. இல்லைன்னா விண்டோஸ்ல எடுக்கிறவங்களுக்கு வரி முடிவு மாறிப்போய் இன்னொரு இழை தொடங்கும்.