இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய கான்டெஸா: சூடானதும் ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது, உதவி தேவை

கான்டெஸா94:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறேன்.

வண்டி 1994 கான்டெஸா கிளாசிக், 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின். அப்பா வாங்கியது, இப்போது என்னிடம் கோவையில் இருக்கிறது. கார்புரேட்டரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் நான்கு மாதத்துக்கு முன் இன்ஜெக்ஷனுக்கு (கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) மாற்றினேன். மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) அம்பாசிடர் 1800 எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்ஷன் வண்டியுடையது. அதிலும் இதே இசுசு இன்ஜின் என்பதால் உட்கார்ந்துவிட்டது. த்ரோட்டில் பாடி (ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றுக்குத் திறக்கிற பாகம்) சென்னை புதுப்பேட்டையில் வாங்கினேன், எந்தக் காருடையது என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஸ்பீடுயினோ, நானே சால்டர் செய்தது. அது பெட்ரோலை மட்டும் பார்த்துக்கொள்கிறது, இக்னிஷனுக்குப் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான். மேனிஃபோல்டு பிரஷர் சென்சார், வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இரண்டும் உண்டு. பெட்ரோல் பிரஷர் 3 பார், கேஜ் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

பிரச்சினை ஐடிலிங்கில்தான், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது. காலையில் ஸ்டார்ட் செய்தால் 1500 ஆர்பிஎம்மில் அமைதியாக நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடானதும் 1150க்கும் 1800க்கும் நடுவே ஏறி இறங்கத் தொடங்கிவிடும். இரண்டு நொடிக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி. ஆக்சிலேட்டரில் காலை லேசாக வைத்தால் நின்றுவிடுகிறது. எடுத்தால் மறுபடி ஆட்டம். ராத்திரி சிக்னலில் நிற்கும்போது சில தடவை ஆஃப் ஆகியும் போகிறது.

வைட்பேண்டில் மிக்சர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற கணக்கு) 12க்கும் 19க்கும் தாவுகிறது. டியூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேரில் ஆட்டோடியூன் (மிக்சரைப் பார்த்துப் பெட்ரோல் அளவைத் தானே திருத்துவது) மூன்று வாரமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேலும் மோசமாகிறதே தவிர அடங்கவில்லை.

ஸ்பேனர்சாமி:

தம்பி, த்ரோட்டில் பொசிஷன் சென்சார் போயிருக்கும். புதுப்பேட்டை சரக்கில் முதலில் போவது அதுதான். மாற்றிப் பார்.

கான்டெஸா94:

நேற்றே பார்த்தேன் அண்ணா. மெதுவாக மிதித்து லாக் (ஈசியூவின் பதிவு) எடுத்தேன், 0லிருந்து 100 வரை கோடு நேராகப் போகிறது. காலை எடுத்தால் சரியாக 0க்கு வருகிறது.

ஏர்ஃபில்டர்:

பழைய கார்புரேட்டரை எறிந்துவிட்டீர்களா, பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? சும்மா கேட்டேன் :)

சேலத்துக்காரர்:

கிண்டல் அப்புறம். டேக்கோ (ஆர்பிஎம்) சிக்னலை எங்கிருந்து எடுத்திருக்கிறாய்? காயில் நெகட்டிவிலிருந்தா? அங்கே இரைச்சல் அதிகம். ஈசியூ ஆர்பிஎம்மைத் தப்பாக எண்ணினால் பெட்ரோலும் தாறுமாறாகத்தான் போகும். லாக்கில் சிங்க் லாஸ் (ஈசியூ சிக்னலைத் தவறவிட்ட தடவை) எத்தனை என்று பார்.

கான்டெஸா94:

காயில் நெகட்டிவ்தான். ஆனால் இருபது நிமிட லாக்கில் சிங்க் லாஸ் பூஜ்யம். ஆர்பிஎம் கோடு வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறதே தவிர, திடீர்க் குத்தல் எதுவும் இல்லை.

பழையகை:

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். விடை உன் கேள்வியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன் தம்பி. மூன்று விஷயம் சொல்லியிருக்கிறாய்: குளிரில் ஆட்டம் இல்லை, சூட்டில் உண்டு, கால் வைத்தால் இல்லை. சென்சார் கெட்டால் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. இந்த மூன்று நிபந்தனையையும் பார்த்து இயங்குகிற ஒரு வசதி ஈசியூவில் இருக்கிறது. டிசெலரேஷன் ஃபியூயல் கட். காலை எடுத்துவிட்டு கியரில் உருளும்போது பெட்ரோலை நிறுத்துமே, அது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், த்ரோட்டில் மூடியிருக்க வேண்டும், ஆர்பிஎம் ஓர் அளவுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் கட்.

அந்தப் பக்கத்தைத் திறந்து என்ன எண் போட்டிருக்கிறாய் என்று சொல். லாக்கில் இன்ஜெக்டர் பல்ஸ் (ஒவ்வொரு தடவையும் இன்ஜெக்டருக்கு கரண்ட் போகிற நேரம்) கோட்டையும் பார். ஆர்பிஎம் உச்சிக்குப் போகும்போது பல்ஸ் 0க்கு விழுகிறதா?

கான்டெஸா94:

அண்ணா, விழுகிறது! ஒவ்வொரு உச்சியிலும் 0. இத்தனை நாள் ஆர்பிஎம்மையும் மிக்சரையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், பல்ஸ் கோட்டைத் திரையில் வைக்கவே இல்லை.

1700 ஆர்பிஎம்மைத் தாண்டினால் கட், 1400க்குக் கீழே வந்தால் மறுபடி பெட்ரோல் (நடுவில் உள்ள இடைவெளி, அதாவது ஹிஸ்டெரிசிஸ், 300), த்ரோட்டில் 2 சதவீதத்துக்குக் கீழ், தண்ணீர் 70 டிகிரிக்கு மேல். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துப் போட்டது. அந்த கட் வசதியை எடுத்துவிட்டேன், ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது 2000 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டு நிற்கிறது. மிக்சர் 11க்கு வந்துவிட்டது.

பழையகை:

அதுதான் உன் இன்ஜினின் உண்மையான ஐடிலிங், 2000. இவ்வளவு நாளும் ஃபியூயல் கட் அதை 1700ல் மடக்கி மடக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. 1700ஐத் தாண்டினால் கட், 1400க்குக் கீழே வந்தால் மறுபடி பெட்ரோல், இறங்குகிற வேகத்தில் 1150 வரை போய்த் திரும்பும். காலையில் 70 டிகிரி ஆகும்வரை கட் வேலை செய்யாது, குளிர்ந்த இன்ஜினில் உராய்வும் அதிகம், அதனால் 1500ல் நின்றது.

ஆக, உன் பிரச்சினை பெட்ரோல் இல்லை, காற்று. எங்கிருந்தோ வேண்டாத காற்று போகிறது.

இங்கே பலருக்கும் வருகிற ஒரு குழப்பம். காற்று லீக் என்றால் மிக்சர் லீன் ஆகும் (பெட்ரோல் பங்கு குறையும்) என்று கார்புரேட்டர் காலத்திலிருந்து மனதில் பதிந்திருக்கிறது. ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியிலும் அப்படித்தான், மீட்டரைத் தாண்டி நுழைகிற காற்று கணக்கில் வராது. உன்னுடையது மேனிஃபோல்டு பிரஷரை வைத்துக் கணக்குப் போடுகிற முறை. காற்று எந்த ஓட்டை வழியாக வந்தாலும் பிரஷர் ஏறும், ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலையும் கொடுத்துவிடும். அதனால் மிக்சர் பெரிதாகக் கெடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறும். லீன் ஆகவில்லையே, லீக் இருக்காது என்று நினைத்திருப்பாய்.

கான்டெஸா94:

அப்படியேதான் நினைத்தேன் :(

ஏர்ஃபில்டர்:

ஊதுபத்தியைக் கொளுத்தி மேனிஃபோல்டைச் சுற்றிக் காட்டுங்கள். எந்த இடத்தில் புகை உள்ளே இழுபடுகிறதோ அங்கே லீக்.

சேலத்துக்காரர்:

பெட்ரோல் ரெயில் பக்கத்தில் ஊதுபத்தியா! கார்ப் கிளீனரும் அடிக்க வேண்டாம், சூடான சைலென்சர் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து கேஸ்கெட் ஓரமாகக் கொஞ்சமாக அடி. ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒரு நொடி அதை அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும்.

அதற்கு முன்னால் ஹோஸ்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம், நோஸ் பிளேயரில் துணி சுற்றி ஒவ்வொரு ஹோஸாக அழுத்திப் பிடி. எதைப் பிடித்தால் ஆர்பிஎம் இறங்குகிறது என்று எழுது.

கான்டெஸா94:

இன்று ஞாயிறு, முழுநாளும் இதுதான் வேலை. பிரேக் பூஸ்டர் ஹோஸைப் பிடித்தேன், மாற்றம் இல்லை. கேஸ்கெட் ஓரம் தண்ணீர், மாற்றம் இல்லை. டேப்பெட் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு வருகிற ஹோஸைப் பிடித்ததும் 2000லிருந்து 1250!

அது பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் புகையை மறுபடி இன்ஜினுக்குள் இழுப்பது). மேனிஃபோல்டு மாற்றும்போது பழைய வால்வு இந்தக் குழாய்க்குப் பொருந்தவில்லை. வெறும் 12 மில்லிமீட்டர் ஹோஸை நேராகச் சொருகிவிட்டேன்.

பழையகை:

அடடா. அந்த வால்வு சும்மா ஒரு இணைப்பு இல்லை தம்பி. ஐடிலிங்கில் மேனிஃபோல்டு இழுப்பு அதிகம். அந்த இழுப்பில் வால்வு தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டு கொஞ்சம் புகையை மட்டும் விடும். வால்வு இல்லை என்றால் 12 மில்லிமீட்டர் ஓட்டையைத் திறந்து வைத்த மாதிரிதான். கிராங்க்கேஸ் வழியாக எண்ணெய்ப் புகையோடு காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆயிலும் குறைந்திருக்கும், டிப்ஸ்டிக் பார். ஹோஸை அடைத்துவிட்டு மட்டும் ஓட்டாதே, கிராங்க்கேஸில் பிரஷர் ஏறி ஆயில் சீலைத் தள்ளும். எந்த வண்டியின் பிசிவி வால்வானாலும் சரி, ஹோஸ் அளவுக்குப் பொருந்தினால் நடுவில் போடு. ஊதிப் பார்த்து அம்புக்குறி திசை சரியா என்று உறுதி செய்துகொள்.

மீதி 1250க்கு த்ரோட்டில் பாடியைப் பார். ஸ்டாப்பர் ஸ்க்ரூவை யாரோ திருகியிருப்பார்கள். ஐடில் ஸ்டெப்பர் மோட்டாரை முழுதாக மூடச் சொல்லிவிட்டு, சூடான இன்ஜினில் ஸ்க்ரூவால் மட்டும் 750 ஆர்பிஎம் பக்கம் கொண்டுவா. மீதியை ஸ்டெப்பர் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்க்ரூவைத் தொட்டால் த்ரோட்டில் சென்சாரின் 0வை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், இதை மறந்துவிட்டு இன்னொரு வாரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஆட்டோடியூனை நிறுத்து. ஃபியூயல் கட் நேரத்தில் சைலென்சரில் போவது வெறும் காற்று, வைட்பேண்ட் அதை லீன் என்றுதான் காட்டும். அந்த நேரத்து ரீடிங்கை விலக்குகிற ஃபில்டரைப் போட்டிருக்க மாட்டாய். லீன், லீன் என்று பெட்ரோல் அட்டவணையின் அந்தக் கட்டங்களில் பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போயிருக்கும்.

கான்டெஸா94:

ஃபில்டர் போடவில்லை. விஇ டேபிளில் (அந்தப் பெட்ரோல் அட்டவணை) 40 கேபிஏ பிரஷர் வரிசையில் 1200, 1600 ஆர்பிஎம் கட்டங்கள் 71, 74. அக்கம்பக்கம் எல்லாம் 48, 50. நடுவில் கோபுரம் மாதிரி நிற்கிறது.

பழையகை:

இடித்துத் தள்ளு. சுற்றியுள்ள கட்டங்களோடு சமமாகக் கையால் போடு. ஐடிலிங் கட்டங்களில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம், இல்லையென்றால் ஆர்பிஎம் சற்று நகர்ந்தாலே பெட்ரோல் துள்ளும். மிக்சர் 13.5லிருந்து 14க்குள் இருந்தால் போதும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரோடு, புத்தகத்தில் சொல்கிற 14.7க்கு ஆசைப்படாதே.

கான்டெஸா94:

மூன்று நாள் கழித்து வருகிறேன். வால்வு போட்டாச்சு, ஸ்க்ரூ, சென்சார் 0, டேபிள் எல்லாம் முடிந்தது. சூட்டில் 850, முள் அசையவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ‘வண்டி ஓடுகிறதா, ஆஃப் ஆகிவிட்டதா’ என்று கேட்டார்.

ஆனால் ராத்திரிப் பிரச்சினை மட்டும் போகவில்லை, இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஹெட்லைட் எரியும்போது ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடினால் 850லிருந்து 600, இரண்டு குலுக்கல், ஆஃப். அந்த நேரம் மிக்சர் 17 காட்டுகிறது.

சேலத்துக்காரர்:

இது என் ஏரியா. ஃபேன் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், லாக்கில் ஈசியூ எத்தனை காட்டுகிறது? இரண்டையும் எழுது. இன்ஜெக்டரின் வோல்டேஜ் கரெக்ஷன் டேபிளையும் பார்த்துச் சொல்.

கான்டெஸா94:

சும்மா இருக்கும்போது பேட்டரியில் 13.7, லாக்கில் 12.9. லைட்டும் ஃபேனும் ஓடினால் பேட்டரியில் 12.9, லாக்கில் 11.4. கரெக்ஷன் டேபிளில் எல்லாக் கட்டமும் 100.

சேலத்துக்காரர்:

இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. ஒன்று, வழியில் 1.5 வோல்ட் தொலைகிறது. ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்டை முப்பது வருடப் பழைய இக்னிஷன் சுவிட்ச் ஒயரிலிருந்தே எடுத்திருப்பாய். எர்த்தையும் பாடியில் எங்கேயோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டியிருப்பாய்.

இரண்டாவதுதான் சுவாரசியம். இன்ஜெக்டருக்கு கரண்ட் கொடுத்த உடனே ஊசி திறக்காது. 13.5 வோல்ட் பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும், வோல்டேஜ் குறைந்தால் இன்னும் தாமதம். ஐடிலிங்கில் உன் பல்ஸ் எவ்வளவு? 2.2 என்று வைத்துக்கொள். திறக்கவே 1.0 போனால் பெட்ரோல் போகிற நேரம் 1.2தான். வோல்டேஜ் விழுந்து திறக்கிற நேரம் 1.25 ஆனால் மிச்சம் 0.95. ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் போச்சு. 13.5 இருந்த மிக்சர் 17 ஆகும். நீ பார்த்த அதே எண்! ஹைவேயில் பல்ஸ் நீளமாக இருப்பதால் இந்த 0.25 தெரியவே தெரியாது, அதனால்தான் சிக்னலில் மட்டும் சாகிறது.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேராக ஒரு ரிலே, அதிலிருந்து ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும். பழைய ஒயர் ரிலேயை இழுக்க மட்டும். ஈசியூ எர்த் இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். பிளாக்கிலிருந்து பேட்டரிக்குத் தடியான ஒயர். இன்ஜின் ஓடும்போது எர்த் பக்கம் மல்டிமீட்டரில் 0.1 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது.

அதற்குப் பிறகு டேபிள். இன்ஜின் ஐடிலிங்கில் நிற்கட்டும், டைனமோ பெல்ட்டைக் கழற்றாமல் லைட், ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு வோல்டேஜை இறக்கு. மிக்சர் நகராதபடி அந்த வோல்ட் கட்டத்தின் சதவீதத்தை ஏற்று.

கான்டெஸா94:

பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் இந்த வண்டியில் இருந்ததாக அப்பாவுக்கே ஞாபகம் இல்லை அண்ணா. மற்றதைச் செய்கிறேன்.

கான்டெஸா94:

முடித்தாயிற்று. ரிலே போட்டதும் பேட்டரிக்கும் லாக்குக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட். டேபிளில் 12 வோல்ட் கட்டம் 120க்கு வந்து நின்றது. நேற்று ராத்திரி காந்திபுரம் சிக்னலில் லைட், ஃபேன், ஹாரன் எல்லாம் ஓட 850லிருந்து 780க்கு இறங்கித் தானாக ஏறியது. ஃபியூயல் கட்டை 2200ல் மறுபடி போட்டுவிட்டேன்.

பழையகை:

நல்லது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பிசிவி ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் எவ்வளவு என்று ஒரு தடவை பார். அந்த விஇ டேபிளை பேக்கப் எடுத்து வை.

ஏர்ஃபில்டர்:

அந்தக் கார்புரேட்டர் இருந்தால் சொல்லுங்கள், நிஜமாகவே எனக்கு ஒன்று தேவைப்படுகிறது.