புல்லட் ராக்கர் மார்க் ஓரத்தில் விழுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணே. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். வண்டி பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கை, வால்வுத் தண்டு நுனியில் படும் தடத்தைத்தான் மார்க் என்கிறேன்.

லேத்தில் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) கொடுத்து அரை மில்லிமீட்டர் இழைத்து, வால்வு மூடும்போது உட்காரும் சீட்டும் வெட்டி வாங்கினேன். இழைத்ததால் வந்த வித்தியாசத்தைப் புஷ் ராட் (ராக்கரைத் தள்ளும் கம்பி) அட்ஜஸ்டரிலேயே சரிக்கட்டிவிட்டேன். கம்ப்ரஷன் டிடிசியில் (பிஸ்டன் உச்சியில், வால்வுகள் மூடியிருக்கும் நிலை) ராட் விரலால் லேசாகச் சுற்றுகிறது, மேலும் கீழும் ஆட்டமில்லை. சிக்கல் சீட்டில்தான். ஆழமாக வெட்டிவிட்டார்கள் போல, வால்வு உள்ளே இறங்கித் தண்டு மேலே துருத்திக்கொண்டது.

தண்டு நுனியில் மார்க்கர் மை பூசி இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். மை அழிந்த தடம் நடுவில் ஒல்லியாக இல்லை, ஓரத்தில் பட்டையாக இருக்கிறது. இப்படியே ஓட்டினால் தண்டு ஏறி இறங்கும் கைடு குழாய் தேய்ந்துவிடும்.

ராக்கரைத் தாங்கும் பிளாக்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாமா, தண்டு நுனியைத் தேய்க்கலாமா? தேய்த்தால் கடினப்படுத்திய தோல் போய்விடுமோ என்று பயம். சீட்டையே மாற்றச் சொன்னாலும் சரி. காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் நல்ல ஹெட் வேலைக்காரர் இருந்தால் சொல்லுங்கள்.