பையர் கேள்வித்தாள்: வீட்டுக்குப் போகும் கை தையலைக் காட்டலாமா? (ஆம்பூர்)

அப்பர்_யூனிட்:
ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) கூலிக்குத் தைத்துக் கொடுக்கும், 45 பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட். ஏற்றுமதி கம்பெனி தன் ஜெர்மன் பையரின் (ஷூ வாங்கும் கம்பெனியின்) கேள்வித்தாளை எங்களிடம் தள்ளிவிட்டது. "வெளியே வேலை கொடுக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். மொக்காசின் (முன்பக்கம் கையால் தைக்கும் ஷூ) கை தையல் ஏஜென்ட் மூலம் கிராமங்களுக்குப் போகிறது. "இல்லை" என்று போட்டுவிடலாமா? தோல் பதனிடும் டேனரியின் எல்டபிள்யூஜி (லெதர் ஒர்க்கிங் குரூப்) சுற்றுச்சூழல் சான்று இருக்கிறது, அது போதாதா?

ராணிப்பேட்டை_ஆடிட்:
போடாதீங்க சார். கட்டிங் ரிஜிஸ்டரில் 1,000 ஜோடி, உள்ளே இருக்கும் ஆட்களால் 600தான் முடியும் என்றால் மீதி எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் (சப்ளையரிடம் மனித உரிமை மீறல் இல்லையா என்று பார்க்கச் சொல்வது) 2023இல் அங்கே 3,000 பேர் உள்ள கம்பெனிகளுக்கு வந்தது, 2024 முதல் 1,000 பேர். அதில் சப்ளையரைக் கைவிடுவது கடைசி வழி. முதலில் கெடு வைத்துச் சரிசெய்யத்தான் சொல்கிறது. மறைத்தது தெரிந்தால்தான் நம்பிக்கை போகும்.

வீடு வாரியாக நோட்டு போடுங்கள்: பெயர், வயதுச் சான்று, ஸ்டைல் நம்பர், ஜோடி, ரேட், பணம் போன தேதி. அடுத்து டைம் எடுங்கள். சுமாரான வேகத்தில் தைக்கும் 5 பேர், ஆளுக்கு 10 ஜோடி. நூல் கோர்ப்பது, முடிச்சு, பிரித்துத் தைப்பது எல்லாம் சேர்த்து. ஜோடிக்கு 20 நிமிஷம் என்றால் 8 மணிக்கு 24 ஜோடி. 12 ரூபாய் ரேட்டில் 288 ரூபாய். அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியும் பஞ்சப்படியும் சேர்த்து அதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் ரேட்டை ஏற்றணும், வேறு வழியில்லை. ஏப்ரலில் பஞ்சப்படி மாறும்போது மறுபடி பார்க்கணும். இந்த டைம் ஷீட்டோடு போனால்தான் கம்பெனியிடம் விலை கூட்டிக் கேட்கவும் வாய் வரும்.

சொல்யூஷன் (ஒட்டும் பசை) டப்பா மட்டும் வீட்டுக்குப் போகவே கூடாது. அடுப்புப் பக்கம் தீப்பிடிக்கும், ஆவி குழந்தைகள் மூச்சில் போகும். ஒட்டும் வேலையை யூனிட்டிலேயே முடித்து அனுப்புங்கள்.

ஈரத்தோல்:
எல்டபிள்யூஜி டேனரிக்கான சான்று. உங்கள் தையல் ஆட்களின் கூலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேனரியிடம் மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி (முடியும் தேதியைப் பாருங்கள்), பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் கடிதம், குரோம் கசடு போனதற்கான ஃபார்ம் 10 (அபாயக் கழிவு அனுப்பும் சீட்டு) நகல் வாங்குங்கள். தோலில் குரோம் 6 (நச்சுள்ள குரோமியம் வகை) வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். தகரக் கூரைக்கடியில் சூட்டில் கிடந்தால் டெஸ்டில் தேறிய தோலிலும் அது ஏறலாம்.

அப்பர்_யூனிட்:
நன்றி. ஏஜென்ட் பெயர் லிஸ்ட் தர மாட்டேன் என்கிறார்.

ராணிப்பேட்டை_ஆடிட்:
தொழில் போய்விடும் என்ற பயம்தான். அவர் கமிஷனைத் தனி வவுச்சரில் நீங்களே கொடுங்கள், பெண்களின் ரேட்டில் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு லாட்டோடும் ஜோடிக் கணக்கு எழுதும் பாஸ் புக், பணம் நேரே அவர்கள் வங்கிக் கணக்குக்கு. கணக்கு எண் வந்தாலே லிஸ்ட் வந்த மாதிரிதான்.