புதுப்பிப்பு: 1803 கண்டிப் போரை எழுதும் வேலை

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது எல்லோருக்கும் தெரியும்; அதற்கு முன் 1803இல் ஆங்கிலேயர் கண்டியில் தோற்ற போரைத் தமிழில் எழுத ஆதாரம் எங்கே தேடலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொழும்பு 7 சுவடிக்கூடத்தில் வேலை நகர்கிறது.

போரின் ஓட்டத்தைச் சொல்வது சுலபம். புத்தளம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டியர் பறித்ததைச் சாட்டாக வைத்து, 1803 ஜனவரி கடைசியில் கொழும்பிலிருந்து ஆங்கிலேயப் படை கிளம்பியது. கண்டி வெறிச்சோடிக் கிடந்தது. கண்டி அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமியை அரசனாக்கினார்கள். அப்புறம் காய்ச்சல். ஜூன் 24 கண்டியில் இருந்த ஆங்கிலேயப் படையின் தலைவர் மேஜர் டேவி கண்டியரிடம் சரணடைந்தார். முத்துசாமியையும் கையளித்தார். அப்படியும் மகாவலிக் கரையில் டேவியின் ஆட்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

யார் பக்கம் நின்று சொல்வது என்பதில்தான் திணறுகிறேன். கடிதங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளுடையவை. சிங்களப் போர்க்கவிதைகள் அரசனைப் புகழப் பாடியவை. திகதி பார்க்க உதவாது, வெற்றிக் களிப்பை நன்றாகக் காட்டும். ஆங்கிலேயப் படையில் இருந்த மலாய்ச் சிப்பாய்களையும் அரிசி மூட்டை சுமந்த கூலிகளையும் அதிகாரிகளின் வரிகளுக்கு நடுவில்தான் தேட வேண்டும். கூலிகள் ஓடிவிட்டார்கள் என்ற முறைப்பாடு வரும் இடமெல்லாம் எனக்கு முக்கியம். ஏன் ஓடினார்கள் என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைச் சேர்ப்பீர்களா என்று கேட்டவருக்கு: கட்டாயம். அதே ஆண்டு ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அவர் தாக்கியதைத் தனிக்கதையாக ஒதுக்குவது நியாயமில்லை.

கொழும்பில் பழைய மலாய்க் குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள்.