எஞ்சின் காட்டிய முதல் நகர்த்தலையே ஆடியும் கரஸ்பாண்டன்ஸ் சதுரங்க ஆட்டம் தோற்றது எப்படி?

கறுப்புக்காய் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஐ.சி.சி.எஃப். (கரஸ்பாண்டன்ஸ், அதாவது அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் உலகக் கூட்டமைப்பு) சர்வரில் சேர்ந்து ஏழு பேர் கொண்ட ஒரு பிரிவில் ஆடிக்கொண்டிருக்கிறேன். 10 நகர்த்தலுக்கு 50 நாள். அங்கே எஞ்சின் (நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் சதுரங்க மென்பொருள்) வைத்துக்கொண்டு ஆடலாம் என்பது தெரிந்துதான் சேர்ந்தேன். ஆறு ஆட்டத்தில் மூன்று முடிந்துவிட்டது. இரண்டு டிரா, ஒன்று தோல்வி. அந்தத் தோல்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கறுப்புக் காய், கிங்ஸ் இந்தியன் ஓப்பனிங். எட்டுக் கோர் லேப்டாப், அதில் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் எழுந்ததும் மேலே என்ன காட்டுகிறதோ அதை அனுப்பிவிடுவேன். எஞ்சின் மதிப்பீடு 14ஆவது நகர்த்தலில் வெள்ளைக்குச் சாதகமாக +0.7. 24இல் +1.1. 31இல் +2.3. முப்பத்தெட்டில் விட்டுக்கொடுத்தேன். எதிராளி பாதி நேரம் என் எஞ்சின் எதிர்பார்த்ததை ஆடவே இல்லை. ஆனால் நான் ஒருதடவைகூட எஞ்சினின் முதல் நகர்த்தலைத் தவிர வேறெதையும் ஆடவில்லை. அப்படியென்றால் என் தப்பு எந்த இடத்தில்? அவரிடம் பெரிய மெஷின் இருந்ததா, அவ்வளவுதானா விஷயம்?

இப்போது ஓடும் ஓர் ஆட்டத்திலும் இதே குழப்பம், இதிலும் நான் கறுப்புதான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்றில் ராணியெல்லாம் பலகையிலேயே இருக்கும், +0.45, ஆனால் என் ராஜா கொஞ்சம் திறந்து கிடக்கிறார். இன்னொன்றில் வரிசையாகக் காய்களை மாற்றிவிட்டு யானை எண்ட்கேம் (யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்), ராஜா பக்கம் அவருக்கு நாலு சிப்பாய் எனக்கு மூன்று, +0.75. எஞ்சின் முதல் வழியைத்தான் சொல்கிறது. மறுபடியும் அதையே கேட்பதா?

இன்னொன்று. என் மச்சான் இதைக் கேள்விப்பட்டுவிட்டு "இது திருட்டாட்டம்டா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

எண்ட்கேம் பிரியன் எழுதியது:

தம்பி, மெஷின் காரணம் இல்லை. நான் நாலு வருஷம் பழைய டெஸ்க்டாப்பில்தான் ஆடினேன். நீங்கள் ஓடவிட்ட நேரம் போதாது என்றும் சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து ஓடவிட்டதுதான் பிரச்சினை.

டெப்த் 42 என்று காட்டினால் அடுத்த 42 அரை நகர்த்தல்களுக்கு எல்லா வழியையும் அலசிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பட்டியலில் மேலே இருக்கும் ஒன்றிரண்டை ஆழமாகத் தோண்டும், கீழே இருப்பதை மேலோட்டமாக எட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். ஒதுக்குவதால்தான் அதற்கு அவ்வளவு வேகம். நீங்கள் வேண்டிய நல்ல நகர்த்தல் ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருந்தால் ராத்திரி முழுக்க ஓடினாலும் மேலே வராமலே போகலாம். இன்னொரு விஷயம், பல கோர்களில் ஓடும்போது அதே நிலையை இரண்டு தடவை கொடுத்தால் இரண்டு மாதிரி பதில் வரும். ஒரு நாள் சந்தேகம் வந்தால் நீங்களே செய்து பாருங்கள்.

நான் செய்வது இதுதான். முதலில் எஞ்சினை நாலைந்து வரிகள் சேர்த்துக் காட்டும்படி வைப்பேன், மல்டி பி.வி. என்று இருக்குமே அது. வேகம் குறையும், பரவாயில்லை. அதில் நம் கண்ணுக்கு நியாயமாகப் படுவதை ஒவ்வொன்றாக எடுத்து, கையால் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் முன்னால் போய், அங்கே நிறுத்தி ஓடவிடுவேன். பிறகு ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னால் வருவேன். ஹாஷ் என்பது எஞ்சின் தான் பார்த்ததை எழுதி வைத்துக்கொள்ளும் நோட்டு. முன்னால் போய்ப் பார்த்தது அதில் இருக்கும் என்பதால், திரும்பி வரும்போது ஆரம்ப நிலைக்கான எண்ணே மாறும். +0.3 காட்டிய வழி +0.9 ஆகும், +0.5 காட்டிய வழி 0.00க்கு இறங்கும். ராத்திரி ஓடவிட்டதில் கிடைக்காதது ஒரு மணி நேர நடையில் கிடைத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஹாஷுக்கு மெமரியைத் தாராளமாகக் கொடுங்கள், வேறு ஆட்டத்துக்குப் போகும்போது அழித்துவிட்டுப் போங்கள்.

எண்ணை வாசிக்கிற விதமும் மாற வேண்டும். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1இலிருந்து +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருள் இல்லை. எஞ்சினும் எஞ்சினும் மோதினால் வெள்ளை ஜெயிக்க 50 சதவீதம் வாய்ப்பு என்று அளவை மாற்றிவிட்டார்கள். அதனால் 14ஆவது நகர்த்தலில் நீங்கள் பார்த்த +0.7 சின்ன விஷயம் இல்லை. அப்போதே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய இடம் அது.

உங்கள் இரண்டு வழிக்கு வருகிறேன். நானாக இருந்தால் யானை எண்ட்கேம்தான், யோசிக்கவே மாட்டேன். ராஜா பக்கம் நாலுக்கு மூன்று என்பது பொதுவாக டிரா ஆகும் எண்ட்கேம். எஃப்7, ஜி6, எச்5 என்று உங்கள் சிப்பாய்களை நிறுத்திவிட வேண்டும், அதில் எச்5தான் உயிர். அதை விட்டால் அவர் ஜி4 தள்ளி உங்களை நெருக்கிவிடுவார். எஞ்சின் +0.75 காட்டுவதற்குக் காரணம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதை அது பார்க்கிறது, அதை ராணியாக்க வழியே இல்லாமல் போகும் இடம் அதன் பார்வைக்கு அப்பால் இருக்கிறது. நீங்களே அவர் பக்கத்துக்கு நல்ல நகர்த்தலாகப் போட்டுக்கொண்டு இருபது நகர்த்தல் ஓட்டிப் பாருங்கள். எண் ஏறாமல் அங்கேயே நின்றால், அல்லது மெல்ல மெல்ல இறங்கினால், அங்கே கோட்டை, அதாவது எதிராளியால் உடைக்க முடியாத தற்காப்பு, இருக்கிறது என்று அர்த்தம். இதே சோதனையை அந்த +0.45 வழிக்கும் செய்யுங்கள். அது ஏறும் என்றுதான் நினைக்கிறேன்.

டேட்டாபேஸ்வாசி எழுதியது:

நண்பரே, அந்தத் தோற்ற ஆட்டம் கிங்ஸ் இந்தியன் எடுத்தபோதே பாதி முடிந்துவிட்டது. எனக்கும் பிடித்த ஓப்பனிங், நேருக்கு நேர் ஆடும்போது இன்றைக்கும் ஆடுகிறேன். ஆனால் எதிராளியிடமும் அதே ஸ்டாக்ஃபிஷ் இருக்கும்போது, ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக ஐந்து நாள் யோசிக்க நேரம் இருக்கும்போது, வெள்ளைக்கு அவ்வளவு இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ராஜாவை மடக்கலாம் என்று காத்திருப்பது சரிவராது. மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டம் டிராதான். அந்த அளவுக்குக் கெட்டியாக ஆடுகிறார்கள்.

பன்னிரண்டாவது நகர்த்தல் வரை எஞ்சினை நம்பாதீர்கள், ஆட்டங்களை நம்புங்கள். ஐ.சி.சி.எஃப். ஆட்டங்களை மட்டும் பிரித்து, கடைசி ஐந்து வருஷத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 என்.என்.யு.இ. என்ற நியூரல் வலையோடு வந்தது, அதற்கு முந்தைய ஆட்டங்களில் இருக்கும் மதிப்பீடுகள் பல இடங்களில் காலாவதி. லீலா என்ற இன்னொரு எஞ்சினையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது தேடுகிற முறையே வேறு என்பதால், இரண்டும் ஒத்துப்போகாத இடம் வந்தால் அங்கேதான் உங்கள் ஐந்து நாளையும் செலவழிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் அரை மணி நேரம் போதும்.

பழைய கார்டு எழுதியது:

மச்சான் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், தபால் கார்டில் ஆடிய காலத்திலிருந்து இதில் இருப்பவன் என்ற முறையில்.

திருட்டா இல்லையா என்பது எங்கே ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஐ.சி.சி.எஃப்.பில் எஞ்சின் அனுமதி உண்டு, அதனால் திருட்டு இல்லை. லிசெஸ் தளத்தின் கரஸ்பாண்டன்ஸ், செஸ்.காம் தளத்தின் டெய்லி ஆட்டம் இரண்டிலும் ஓப்பனிங் புத்தகம், டேட்டாபேஸ் பார்க்கலாம், எஞ்சினைத் தொடக்கூடாது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் ஒரே ஒரு நிலையை எஞ்சினில் போட்டுப் பார்த்தாலும் அது திருட்டுதான், உங்கள் மச்சான் சொன்ன வார்த்தையே பொருந்தும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு தளத்தில் ஆடி, கணக்கை இழந்துவிட்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் அழுதான். சேரும்போதே விதியைப் படியுங்கள் என்று இளையவர்களுக்கு நான் சொல்வது அதனால்தான்.

மச்சானுக்கு ஹான்ஸ் பெர்லினரின் கதையைச் சொல்லுங்கள். ஐந்தாவது உலகக் கரஸ்பாண்டன்ஸ் சாம்பியன், அந்தப் போட்டி 1965இல் தொடங்கி 1968இல் முடிந்தது. எஸ்ட்ரினுக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடிய டூ நைட்ஸ் ஓப்பனிங் ஆட்டம் இன்றைக்கும் கைதட்ட வைக்கும். பன்னிரண்டாவது நகர்த்தலில் தன் ராஜாவை டி8க்கு நடக்கவிட்டு, கடைசியில் யானை எண்ட்கேமில் ஜெயித்தார். அவரிடம் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் பலகையும் நோட்டும்தான். அதே மனிதர்தான் பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சதுரங்கக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கு வந்து, ஹைடெக் என்ற மெஷினை உருவாக்கும் குழுவை நடத்தினார். அஞ்சல்வழி ஆட்டக்காரனுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது இல்லை.

1999இல் காஸ்பரோவ் ஒரு பக்கம், உலகமே இன்னொரு பக்கம் என்று இணையத்தில் ஆடினார்களே, ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், 62 நகர்த்தல், நாலு மாதம். உலகத்தின் பக்கம் பலரிடம் எஞ்சின் இருந்தது. ஆனால் ஆட்டம் அவ்வளவு தூரம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எஞ்சின் இல்லை. அப்போது 15 வயதான இரினா க்ருஷ் பத்தாவது நகர்த்தலில் ராணியை இ6க்குக் கொண்டுபோகும் யோசனையைக் கொடுத்தார், அதன்பின் வந்த ஒவ்வொரு கிளையையும் மனிதர்கள் மரம்போல எழுதி வைத்து வளர்த்தார்கள். காஸ்பரோவ்தான் ஜெயித்தார், ஆனாலும் எவ்வளவு உழைப்பு.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் நேரில் போட்டிகளுக்கும் போகிறவர் என்றால், எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் அரை மணி நேரமாவது வெறும் பலகையில் பாருங்கள். நம்ம குகேஷைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வளர்த்தபோது வெகுநாள் எஞ்சின் பக்கமே விடவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கறுப்புக்காய் எழுதியது:

எண்ட்கேம் பிரியன் அண்ணா, மற்ற எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் தோற்ற ஆட்டத்தை எடுத்து, நீங்கள் சொன்ன மாதிரி முன்னால் போய்ப் பின்னால் வந்தேன். இடையில் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடி, சூடாகி, வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கிடைத்துவிட்டது.

19ஆவது நகர்த்தல். அன்றைக்கு எஞ்சின் ராஜாவை எச்8க்கு நகர்த்தச் சொன்னது, நானும் அனுப்பிவிட்டேன். சிப்பாயை உடனே ஜி4க்குத் தள்ளுவது நாலாவது வரியில் இருந்தது, நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று ஜி4 தள்ளி, எட்டு நகர்த்தல் போய், அங்கே இருபது நிமிஷம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் எண் +0.4தான். எச்8 வழியில் அதே மாதிரி நடந்தால் +1.3. அதாவது நான் தோற்றது 31இல் இல்லை, 19இல். அதைப் பார்த்ததும் வயிற்றில் என்னமோ செய்தது, ஆனால் இப்போதாவது தெரிந்ததே என்று இருக்கிறது.

இப்போதைய ஆட்டத்தில் யானை எண்ட்கேம் வழிக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த +0.45 வழியை 16 நகர்த்தல் ஓட்டினேன், +1.2 வரை போனது. யானை வழி +0.75இல் தொடங்கி முப்பது நகர்த்தல் கழித்து +0.6க்கு இறங்கிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்குச் சரியான விடை வைத்திருக்கும் தொகுப்பு) போட வேண்டுமா? இடம் எவ்வளவு பிடிக்கும்?

எண்ட்கேம் பிரியன் எழுதியது:

கண்டிப்பாகப் போடுங்கள். சிசிஜி டேபிள்பேஸ்தான் எல்லாரும் வைத்திருப்பது. ஐந்து காய் வரைக்கும் ஒரு ஜி.பி. போதும், ஆறு காய் சேர்த்தால் சுமார் 150 ஜி.பி., அதை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள், சாதாரண டிஸ்கில் வைத்தால் எஞ்சின் தவழும். ஏழு காய் வீட்டில் வைக்க முடியாத அளவு, 17 டி.பி.க்கு மேல், ஆனால் லிசெஸ் தளத்தில் ஒவ்வொரு நிலையாகப் போட்டு இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நாலுக்கு மூன்றில் இரண்டு ஜோடி சிப்பாய் மாறினால் இரண்டுக்கு ஒன்று, ராஜா யானையெல்லாம் சேர்த்துச் சரியாக ஏழு காய். அங்கே வந்ததும் சந்தேகமே இல்லாமல் விடை தெரிந்துவிடும்.

ஒரு செட்டிங்கை மட்டும் மறக்காதீர்கள். ஐ.சி.சி.எஃப்.பில் டேபிள்பேஸைக் காட்டி வெற்றி கேட்கும்போது 50 நகர்த்தல் விதி பார்ப்பதில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷிலோ சிசிஜிக்கான 50 நகர்த்தல் விதி தானாகவே ஆன் ஆகி இருக்கும். அதை ஆஃப் செய்யாவிட்டால், 50க்கு மேல் இழுத்து ஜெயிக்கக்கூடிய நிலையை எஞ்சின் டிரா என்று சொல்லும், நீங்களும் நம்பி உள்ளே போய்விடுவீர்கள். கறுப்பில் தற்காத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அப்புறம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதற்காக ஆடினேன் என்று ஃபைலிலேயே இரண்டு வரி எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்து அந்த நிலைக்கு வரும்போது ஒன்றும் ஞாபகம் இருக்காது. சர்வரில் அனுப்பும் முன் கட்டத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். யானையை ஒரு கட்டம் தள்ளிப் போட்டு, டிரா ஆட்டத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எச்5 போட்டதும் அவர் என்ன செய்கிறார் என்று இங்கேயே வந்து சொல்லுங்கள், ஆட்டம் முடிந்த பிறகு. நடுவில் வேண்டாம், அவரும் இதைப் படிக்கலாம்.