தாது வருடப் பஞ்சமும் சேலம் மாவட்டமும்: ஆய்வுக் கேள்வியை எப்படி வகுப்பது, ஆதாரங்களை எங்கே தேடுவது?

மேச்சேரி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இறுதிப் பருவத்தில் அறுபது பக்க அளவில் ஓர் ஆய்வேடு அளிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ள விரும்பி, “சேலம் மாவட்டத்தில் தாது வருடப் பஞ்சம்: ஓர் ஆய்வு” என்று எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் அதை மறுக்கவில்லை. ஆனால், “இது தலைப்பு, இதில் கேள்வி எங்கே?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைப்புக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாடு கேட்கும்போது புரிகிறது, எழுத உட்கார்ந்தால் புரிவதில்லை.

இரண்டாவது சிக்கல் ஆதாரங்கள். இணையத்தில் தேடினால் ஒரே கட்டுரையைப் பலர் சிறிது மாற்றி எழுதியதுபோல் இருக்கிறது. இறந்தவர்கள் தொகையை ஒருவர் ஐம்பது இலட்சம் என்கிறார், மற்றொருவர் ஒரு கோடி என்கிறார், எவரும் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று சொல்வதில்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் பாடநூல்களைத் தவிர அதிகம் இல்லை. சென்னைக்குப் போய்த்தான் தீர வேண்டுமா? வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ போன்ற தமிழ் நூல்களை ஆதாரமாகக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய ஆசிரியர்:

உங்கள் நெறியாளர் சரியாகவே கேட்டிருக்கிறார், அம்மா. “ஓர் ஆய்வு” என்று முடியும் தலைப்புகள் பெரும்பாலும் காரணங்கள், விளைவுகள், நிவாரணம் என்று மூன்று இயலாகப் பிரிந்து, ஏற்கெனவே அச்சில் உள்ளதை மீண்டும் தொகுத்துத் தருவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு வாக்கியம் ஆய்வுக் கேள்விதானா என்று பார்க்க நான் மாணவர்களிடம் சொல்லிவந்த சோதனை ஒன்றுதான். அதற்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகள் வர வாய்ப்பு இருக்க வேண்டும். எந்த விடை சரி என்பதைச் சான்று தீர்மானிக்க வேண்டும். பஞ்சத்தால் மக்கள் துன்புற்றார்களா என்பதற்கு ஒரு விடைதான் உண்டு, ஆகவே அது கேள்வி ஆகாது.

அத்தகைய கேள்வி யோசித்துக்கொண்டே இருப்பதால் பிறந்துவிடாது. முன்னர் எழுதியவர்கள் எங்கே மோதிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால்தான் பிறக்கும். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்’ நூலில், பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் மட்டும் வருவதல்ல, உணவைப் பெறும் ஆற்றலை ஒரு பிரிவினர் இழப்பதாலும் வருவது என்று வாதிட்டார். டேவிட் அர்னால்டு 1984இல் ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ மூன்றாம் தொகுதியில் எழுதிய கட்டுரை நீங்கள் எடுத்துக்கொண்ட அதே சென்னைப் பஞ்சத்தைப் பற்றியது. குடியானவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டு எவ்வாறு எதிர்வினை ஆற்றினார்கள் என்று அது கேட்கிறது. இந்த இரண்டையும் குறிப்பெடுத்துப் படியுங்கள். பிறகு உங்கள் மாவட்டத்தை அவற்றின் அருகில் வைத்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக ஒன்று சொல்கிறேன். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்குச் சென்ற இருப்புப் பாதை 1860களின் தொடக்கத்திலேயே சேலம் மாவட்டத்தின் ஊடாகப் போடப்பட்டுவிட்டது. ஆகவே பஞ்சம் வந்தபோது ஒரே மாவட்டத்துக்குள் பாதையை ஒட்டிய வட்டங்களும் இருந்தன, ஆத்தூர், நாமக்கல் போல் பாதைக்கு எட்டாத வட்டங்களும் இருந்தன. இரயில் தானியத்தைக் கொண்டுவந்து சேர்த்ததால் முதல் வகை வட்டங்கள் தப்பின என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். வணிகர்கள் விலை ஏறிய இடத்துக்குத் தானியத்தை அள்ளிச் செல்லவும் அதே இரயில் உதவியது, ஆகவே விலை எங்கும் ஒன்றாக ஏறியது என்று இன்னொருவர் எதிர்பார்க்கலாம். “1876–78இல் சேலம் மாவட்டத்தின் இருப்புப் பாதை வட்டங்கள் பிற வட்டங்களைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டனவா?” என்பது கேள்வி. அறுபது பக்கத்துக்குப் போதுமானது, விடை எனக்கும் தெரியாது என்பது அதன் சிறப்பு.

வில்லியப்ப பிள்ளை சிவகங்கைச் சமஸ்தானப் புலவர், அவர் பாடியது அந்தச் சீமையை. அது உங்களுக்கு முதன்மைச் சான்றாகும், ஆய்வு நூலாகாது. பஞ்சத்தை அக்காலத்துப் புலவர் ஒருவர் எள்ளலோடு எப்படிக் கண்டார் என்பதற்குத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். சேலத்தின் நெல் விலைக்குக் காட்ட முடியாது. ஆதாரம் தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்பது தகுதியை முடிவுசெய்வதில்லை.

நூலக அடுக்கு:

ஆசிரியர் ஐயா கேள்வியைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் தேடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி சேலத்தில் இருந்தபடியே கிடைக்கும், ஏனெனில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச வரலாறு, ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையத்தின் 1880ஆம் ஆண்டு அறிக்கை, லெ ஃபானு தொகுத்து 1883இல் வெளியான சேலம் மாவட்டக் கையேடு ஆகியவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடுங்கள். கையேட்டை முதலில் எடுங்கள்; பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளிலேயே உங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல் அது. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

இவற்றைப் படிக்கும்போது எழுதியவர் யார் என்பதை மறக்கக் கூடாது. டிக்பி ‘மெட்ராஸ் டைம்ஸ்’ இதழின் ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர். அரசைக் குறைகூற அவருக்குக் காரணங்கள் இருந்தன, நிதிக் குழுவைப் புகழவும் இருந்தன. 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த அளவு உயிரைக் காக்காது என்று எதிர்த்தார். இருவரும் அதிகாரிகள், இருவரும் எழுதியது அரசு ஆவணம். ஒருவரை மட்டும் படித்துவிட்டு “அரசு கருதியது” என்று எழுதினால் பாதி உண்மைதான் வரும்.

தற்கால ஆய்வுகளுக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் தொடங்குங்கள். அர்னால்டின் கட்டுரையைத் தேடி எடுத்தால் அதன் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் தனி இணைப்பாக வரும். கட்டுரையின் அடிக்குறிப்புகள் அதற்கு முந்தைய ஆய்வுகளுக்கும், இந்த இணைப்பு பிந்தைய ஆய்வுகளுக்கும் உங்களைக் கொண்டுசெல்லும். பட்டியல் பட்டியலாகப் போனால் சில நாளில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். அப்போது களத்தை ஓரளவு சுற்றி வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் தனிநபர் கணக்கு தொடங்கினால் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டுரைகளைப் பணம் கட்டாமல் திரையில் படிக்க முடியும். உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால், 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் எந்த இதழ்கள் திறந்திருக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் உண்டு. அவை தரத்தில் மிகவும் வேறுபடுகின்றன. ஆனால் அவற்றின் துணைநூற்பட்டியல்கள் பெரும்பாலும் பயன்தரும்.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் இணையத் தேடலில் முதலில் வந்து நிற்கும். தரமான இதழ்களை அடையாளம் காட்டிவந்த யூஜிசி கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், நீங்களே பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் கூற்றுக்கும் அடிக்குறிப்பு இருக்கிறதா, அந்த அடிக்குறிப்பைத் தேடிப் போனால் அங்கே அந்தச் செய்தி உண்மையில் இருக்கிறதா என்று இரண்டு மூன்று இடங்களில் சோதித்தால் போதும், இதழின் யோக்கியதை தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தரும் துணைநூற்பட்டியலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அவை கொடுத்துவிடுகின்றன.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியில் போங்கள், முதலிலேயே போகாதீர்கள். துறைத் தலைவரின் அறிமுகக் கடிதம் கையில் இருக்கட்டும். அங்கே நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளின் எண்ணும் தேதியும் அச்சு நூல்களின் அடிக்குறிப்புகளில் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு போனால் இரண்டு நாளில் முடியும் வேலை, வெறுங்கையோடு போனால் இரண்டு வாரம் ஆகும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

செய்தித்தாள் தேடுவோர் வழக்கமாகச் சுதேசமித்திரனைக் கேட்பார்கள். அது 1882இல் தொடங்கியது. ‘தி ஹிந்து’ 1878 செப்டம்பரில் தொடங்கியது. பஞ்சத்தின் கொடிய மாதங்களான 1877க்கு இவை இரண்டும் உதவா. 1868 முதல் வந்துகொண்டிருந்த ‘மெட்ராஸ் மெயில்’ போன்றவற்றைத்தான் நாட வேண்டும்.

கணக்கன்:

நான் பொருளியல் மாணவன். ஆசிரியர் தந்த கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் “பாதிக்கப்பட்டனவா” என்ற சொல்லை அப்படியே விட்டால் ஆய்வு சறுக்கிவிடும் என்று நினைக்கிறேன். எதை அளந்து பாதிப்பு என்று சொல்லப் போகிறீர்கள்?

எளிதில் கிடைப்பது மக்கள்தொகைக் கணக்கு. 1871இல் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.67 இலட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் ஏறத்தாழ 16 இலட்சம் பேர்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதைக் கண்டதும் ஏறத்தாழ 3.67 இலட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. அந்தக் குறைவுக்குள் காலராவில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், பஞ்ச ஆண்டுகளில் பிறக்காமலே போன குழந்தைகள் இருக்கிறார்கள், பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் பெருமளவில் போய்க்கொண்டிருந்த காலம் அது. இருப்புப் பாதையை ஒட்டிய வட்டத்தில் தொகை அதிகம் குறைந்திருந்தால், அங்கே அதிகம் பேர் இறந்ததாலா, அல்லது வெளியேறுவது அங்கே எளிதாக இருந்ததாலா? மக்கள்தொகைக் கணக்கு மட்டும் இதற்கு விடை சொல்லாது. இறப்புப் பதிவேடுகளோ பஞ்சம் முற்றியபோது ஒழுங்காக எழுதப்படவில்லை.

ஆகவே தானிய விலையை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அது அடிக்கடி பதிவு செய்யப்பட்டது, இடத்துக்கு இடம் ஒப்பிடக்கூடியது, ஆசிரியர் சொன்ன இரண்டு எதிர்பார்ப்புகளையும் நேரடியாகச் சோதிக்கக்கூடியது.

இன்னொன்று, சேலம் என்றால் இன்றைய சேலம் அல்ல. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும், 1911இல் வடஆர்க்காட்டுக்குப் போன திருப்பத்தூர் வட்டமும் சேர்ந்தது அன்றைய மாவட்டம். ஆண்டுக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. தாது வருடம் 1877 ஏப்ரலிலேயே முடிந்து ஈசுவர வருடம் பிறந்துவிட்டது. நிலவரிக் கணக்கோ ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டான பசலியில் இருக்கும். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. மூன்று நாட்காட்டிகளையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட இறப்புத் தொகைக்கு வருகிறேன். சிலர் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியை மட்டும் எண்ணுகிறார்கள், சிலர் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களையும் சேர்க்கிறார்கள், சிலர் 1878க்குப் பின் வந்த காய்ச்சல் சாவுகளையும் சேர்க்கிறார்கள். எது உள்ளே, எது வெளியே என்று சொல்லாத எண்ணை உங்கள் ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள்.

பழைய ஆசிரியர்:

கணக்கன் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன், பாதி மனத்தோடு. விலை நன்றாக அளக்கக் கூடியதுதான். ஆனால் விலை ஒன்றாக இருந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் கூலிவேலை கிடைத்து மற்றொன்றில் கிடைக்காமல் போயிருந்தால், மக்கள் பட்ட பாடு ஒன்றாக இருந்திருக்காது. சென் சொன்னதன் சாரமே அதுதான். விலையோடு நிவாரணப் பணிகள் எங்கே திறக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஆய்வு தானியச் சந்தையின் வரலாறாகிவிடும். மனிதர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

மேச்சேரி மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. சேலம் கையேட்டைப் பதிவிறக்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கேள்வியை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “1876 ஜூலை முதல் 1878 ஜூன் வரை, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருப்புப் பாதையை ஒட்டிய வட்டங்களின் தானிய விலை பிற வட்டங்களின் விலையிலிருந்து வேறுபட்டதா? நிவாரணப் பணிகள் அமைந்த இடங்கள் அந்த வேறுபாட்டைப் பின்பற்றினவா?” எல்லா வட்டங்களையும் எடுக்காமல் திருப்பத்தூரையும் ஆத்தூரையும் மட்டும் ஒப்பிட எண்ணுகிறேன். வட்ட வாரியான விலை எனக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

நூலக அடுக்கு:

அதை நெறியாளரிடம் கேள்வியை ஒப்படைக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். கையேட்டிலும் பஞ்ச ஆணைய அறிக்கையின் பின்னிணைப்புகளிலும் விலை அட்டவணைகள் எந்த அளவுக்கு இறங்குகின்றன, மாவட்டத்தோடு நிற்கின்றனவா, வட்டம் வரை வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். மாவட்டத்தோடு நின்றால் ஒப்பீட்டை ஒரு படி மேலே தூக்கி, இருப்புப் பாதை ஊடே சென்ற சேலத்தைப் பாதை குறைவாக இருந்த வேறொரு மாவட்டத்தோடு வைத்துப் பாருங்கள். கேள்வியின் மற்ற பகுதிகளை மாற்ற வேண்டியிராது. தேடும்போது ஊர்ப் பெயர்களைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். திருச்சிராப்பள்ளியை ‘ட்ரிச்சினோபோலி’ என்று தேடாதவருக்கு அந்த மாவட்டத்தின் ஆவணங்களில் பாதி கண்ணில் படாது. பழைய நூல்களை ஒளிவருடி எழுத்தாக மாற்றியதில் பிழைகளும் உண்டு என்பதால், தேடுபொறி “இல்லை” என்று சொன்னாலும் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.