மறுமொழி: வைசர் கார்டுக்குத் தமிழில் 'தொட்டுக்காட்டி' பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே.

போலீஸ் நிறுத்தும்போது காது கேளாத ஓட்டுநர் எடுத்துக் காட்டி, படங்களைத் தொட்டுப் பேசிக்கொள்ள உதவும் அட்டைதான் வைசர் கார்டு. அதற்குத் தமிழ்ச்சொல்லாக அக்கா முந்தைய மடலில் 'வெயில்மறைப்பு அட்டை' என்று முன்வைத்திருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க. அமெரிக்காவின் பல மாநிலங்களில் காது கேளாத ஓட்டுநர்கள் இந்த அட்டையைக் காரில் கண்ணுக்கு மேலே மடக்கி இறக்கும் தகட்டில் செருகி வைக்கிறார்கள், அதனால் அங்கே அந்தப் பெயர். போலீஸ் நிறுத்தியதும் பையிலோ டேஷ்போர்டுக்குள்ளோ கையை விட்டுத் துழாவினால் துப்பாக்கி எடுக்கிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அங்கே உண்டு. திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் காது கேளாத நம் ஆட்கள் பெரும்பாலும் ஓட்டுவது பைக்கும் மொபெட்டும். அதில் ஏதுங்க வெயில்மறைப்பு? அட்டை சட்டைப்பையில் இருக்கும், இல்லையென்றால் டேங்க் கவரில் இருக்கும். வைக்கிற இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் நமக்கு ஒட்டாது.

இங்கே சிக்கலே வேறு. பின்னாலிருந்து விசில் அடித்தால் அவருக்குக் கேட்காது, நிற்காமல் போவார், தப்பி ஓடுகிறான் என்று அடுத்த சிக்னலுக்கு மைக்கில் தகவல் போய்விடும். அங்கே மடக்கி நிறுத்தும்போதே போலீஸ் கோபத்தில் இருப்பார். என் பெரியப்பா மகனுக்கு இது நடந்திருக்கிறது. பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன், வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போக, அவன் குரல் குழறலாகக் கேட்டதும் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊதச் சொன்னதும் புரியவில்லை, ஏனென்றால் டார்ச்சை நேராக முகத்தில் அடித்தால் எதிரில் இருப்பவரின் உதட்டசைவு தெரியாது. எழுதிக் காட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சைகை மொழியே முதல் மொழியாக வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழிதான், அதுவும் நடுரோட்டில் பதற்றத்தில் எழுத வராது. அதனால்தான் அட்டையில் படங்கள் வேண்டும். ஹெல்மெட், சிவப்பு விளக்கு, வேகம், இன்ஷூரன்ஸ், ஊதும் கருவி என்று போலீஸ் ஒரு படத்தைத் தொடுவார், இவர் பதிலுக்கு ஒரு படத்தைத் தொடுவார். லைசென்ஸுக்கு இரண்டு படம் போட வேண்டும், செல்போனில் ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் காட்டினாலும் செல்லும் என்பதால் ஒன்று அட்டை, ஒன்று செல்போன்.

இந்த ஆட்களுக்கு லைசென்ஸே எப்படி என்று யாரோ கேட்டிருந்தீர்கள். ஓட்டும் தேர்வில் தேறினால் காது கேளாதவர்களுக்கும் உரிமம் தரலாம் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. 2016இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்கு அதைத் தெளிவுபடுத்தி எழுதியது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'சைகை அட்டை' என்றால் சைகை மொழி கற்றுத் தரும் அட்டை என்றாகிவிடும். 'குறிப்பட்டை' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் நூலகத்தில் குறிப்பெடுக்கும் அட்டையும் அதுவே. 'சுட்டுரை'யைச் சில நாளிதழ்கள் ட்விட்டருக்குக் கொடுத்துவிட்டன. 'செவித்திறன் குறையுடையோர் அட்டை' என்பது ஆளின் குறையைச் சொல்கிறதே தவிர அட்டையின் வேலையைச் சொல்லவில்லை. மருத்துவமனையில் இதே மாதிரி ஒன்று அடித்தால் அதற்கும் அதே பெயரா?

இருவரும் செய்கிற வேலை ஒன்றுதான், தொட்டுக் காட்டுவது. எனவே என் பரிந்துரை 'தொட்டுக்காட்டி'. நாட்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் உட்காரும். ரோட்டுக்கு 'சாலைத் தொட்டுக்காட்டி', ஆஸ்பத்திரிக்கு 'மருத்துவத் தொட்டுக்காட்டி' என்று நீட்டவும் முடியும்.

மறுமொழி:

தம்பி, கோபியிலிருந்து எழுதுகிறேன். சொல் நன்றாக இருக்கிறது. நம் பக்கம் ஒவ்வொரு பிரிவிலும் கைகாட்டி நிற்பதால் 'காட்டி' என்ற முடிவு யாருக்கும் புதிதாகப் படாது. ஒரே ஒரு தயக்கம். 'தொட்டுக்காட்டி' என்று மட்டும் சொன்னால் ஏதோ கருவி என்று ஏட்டையா தேடுவார். முதல் சில வருஷத்துக்காவது 'தொட்டுக்காட்டி அட்டை' என்றே அச்சடியுங்கள், பழகியதும் பின்னொட்டு தானாக உதிர்ந்துவிடும். அப்புறம், அட்டையின் தலைப்பில் இந்தச் சொல்லைப் பெரிதாகப் போட வேண்டாம். ராத்திரியில் அவர் முதலில் படிக்க வேண்டியது வேறு.

மறுமொழி:

ஐயா சொல்வது சரிங்க, ஏற்றுக்கொள்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'தொட்டுக்காட்டி அட்டை', சுருக்கமாகத் 'தொட்டுக்காட்டி'. அட்டையின் மேல்வரியில் பெரிய எழுத்தில் 'எனக்குக் காது கேட்காது', அதற்குக் கீழே 'டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், படத்தைத் தொட்டுக் காட்டுங்கள்'. பெயர் கீழ் ஓரத்தில் சிறியதாக இருக்கட்டும். ஊதும் கருவியின் படத்துக்கு அடியில் 'ஊதவும்' போடலாமா, 'ஊதுங்க' போடலாமா என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு 'ஊதுங்க' பக்கம்தான் மனம் போகிறது. காது கேளாத நண்பர்களிடம் காட்டி அவர்களுக்கு எது சட்டென்று பிடிபடுகிறது என்று கேட்ட பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.